மாயக்காளின் ‘பாத்தீகளா’

உத்தமபாளையத்தை ஒட்டிய வயல்களில் அந்தக் காலத்தில் நடவு நட்ட பெண்களில் மாயக்காளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவளோடு உட்கார்ந்து பேசியவர் யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அவள் ஒரு குரல். வரிசையின் நடுவில் நின்று பாட்டெடுப்பாள். இரண்டு பக்கமும் குனிந்திருக்கிற பெண்கள் நாற்றை ஊன்றிக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள். பொழுது சாய்ந்ததும் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, யாருக்காகவும் நிற்காமல் போய்விடுவாள்.

பிறந்த ஊர் பண்ணைப்புரம். மழையை நம்பிச் சோளமும் மொச்சையும் விதைக்கிற குடும்பம். பதினாறு வயதில் ஆற்றங்கரையில் இருக்கிற கரையடிப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை பெயர் ஒச்சாண்டி. தாய் தகப்பன் இல்லாதவன். ஒரு கூரைவீடும் கொஞ்சம் குத்தகை வயலும் அவனுக்கு உண்டு. இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு பிசகிப்போய், நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். “மாப்பிள்ளை, பாரம் ஏத்துன வண்டி மாதிரியில்ல சாஞ்சு வாராரு” என்று கல்யாணத்தன்று பெண்கள் கேலி பேசினார்கள். மாயக்காளுக்கு அந்த நடை பிடித்திருந்தது. இருட்டிலும் வருவது அவன்தான் என்று தெரிந்துவிடும்.

கல்யாணமான மறு கோடையில் வயலில் வேலை இல்லை. மேல்மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். ஒச்சாண்டி பெயர் கொடுத்தான். “ஆடி நடவுக்குள்ள வந்துருவேன். நாத்தங்காலைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போடி வழியாக மலையேறினான். அது 1924.

அந்த ஆடியில் மலை இடிந்து கரைந்தது. கீழே பள்ளத்தாக்கில் லேசான சாரல்தான். மேற்கே மட்டும் மலை இருந்த இடமே தெரியாமல் கருத்துக் கிடந்தது. ஆறு செங்காவியாகப் பெருகியது. பிறகு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த வரிசைவீடுகள் லயம் லயமாகச் சரிந்துபோயின என்றார்கள். பாலம் போனது, பாதை போனது, கடைத்தெரு போனது என்றார்கள். மாயக்காள் தன் அண்ணன் தவசியைக் கூட்டிக்கொண்டு போடிக்குப் போய் மலைப்பாதை முடிகிற இடத்தில் நின்றாள்.

நின்றவளுக்கு ஒரு சங்கடம். புருசன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தவசி அருகில் இருந்த மட்டும் அவன் பெயர் சொல்லி விசாரித்தான். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை என்று அவன் ஊர் திரும்பிய பிறகு அவளேதான் கேட்க வேண்டியிருந்தது. அதனால் ஆளை அடையாளமாகச் சொன்னாள். “இடது புருவத்துல தழும்பு இருக்கும். சாஞ்சு நடப்பாக. பாத்தீகளா?”

நனைந்து, காலில் அட்டைக்கடியோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அவளுக்காக நின்று பதில் சொன்னார்கள். அப்படி நின்றதே பெரிது. ஆனால் நம் பேச்சில் உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில்தானே இருக்கிறது. “தழும்பா? நெட்டையா, கருப்பா, நம்ம கங்காணி லயத்துல கடைசி வீட்டுல இருந்தவரைத்தானே கேக்குறீக? அவரை நான் பாக்க…” என்று ஒருவர் இழுப்பார். அந்த ‘பாக்க’வோடு மாயக்காளுக்கு மூச்சு நிற்கும். அது ‘பாக்கத்தான் செஞ்சேன்’ என்றும் முடியலாம். முடியாது. “பாக்கலை தாயி” என்றுதான் முடியும்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். “அந்த லயத்தையே தண்ணி அடிச்சுட்டுப் போனதாக் கேள்விப்பட்டேன்.”

“நீங்க பாத்தீகளா?”

“இல்லத்தா. கேள்விதான்.”

“அப்ப அது இல்லை” என்றாள் மாயக்காள். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வருசங்கள் போயின. தவசி வந்து வந்து பேசினான். அவர்கள் வழக்கத்தில் அறுத்துக் கட்டுவது, பழைய தாலியை அறுத்துவிட்டு மறுதாலி கட்டிக்கொள்வது, உண்டு. தடை ஒன்றும் இல்லை. ஊர்ப் பெரியவர்களும் காத்திருந்தது போதும் என்று சொல்லிவிட்டார்கள். சீனிச்சாமி என்று ஒருவன், பெண்டாட்டியை இழந்தவன், நல்ல உழைப்பாளி, கேட்டுக்கொண்டே இருந்தான்.

“வெள்ளம் கொண்டுபோன ஆளுக்கு நீ எம்புட்டு நாளைக்கு விளக்கு வைப்ப?” என்றான் தவசி.

“கொண்டுபோனதை யாரு பாத்தா?”

“யாரும் பாக்கலைன்னா இருக்கான்னு அர்த்தமா?”

“இருக்காகன்னு நான் சொல்லலையே அண்ணே. பாத்தேன்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும். உசுரோட பாத்தாலும் சரி, பொணமாப் பாத்தாலும் சரி. அன்னைக்கே நீ சொல்றதைக் கேக்குறேன்.”

தவசி தலையில் அடித்துக்கொண்டு போனான். சீனிச்சாமி கூடலூர்ப் பக்கம் பெண் எடுத்துவிட்டான்.

அவள் விதவையும் இல்லை, கட்டினவனோடு வாழ்கிறவளும் இல்லை. இந்த நிலைமைக்கு ஊரில் ஒரு பெயர் இல்லாததுதான் பெரிய தொந்தரவு. கல்யாண வீட்டுக்குப் போனால் குங்குமத் தட்டைக் கொண்டுவருகிற பெண் அவளுக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்குவாள். நீட்டவும் பயம், நீட்டாமல் போகவும் பயம். அந்தத் தயக்கத்தை இரண்டு மூன்று வீடுகளில் பார்த்த பிறகு மாயக்காள் கல்யாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டாள். சாவு வீட்டிலும் அப்படித்தான். வட்டமாக உட்கார்ந்து மாரடிக்கிற பெண்கள் அவள் வந்து சேர்ந்தால் ஏதோ அபசகுனம் போல நகர்ந்து உட்காருவார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஆகாமல் போய், வீடும் வயலும்தான் மிச்சம். காலையில் ஒரு உலை வைப்பாள். அதுவே இரவுக்கும். பேச வேண்டியது எதுவும் இல்லாமல் மூன்று நான்கு நாள் கழிந்துவிடும். ராக்கம்மாள் நெருப்பு வாங்க வந்து, “ஏத்தா, இருக்கியா?” என்று கேட்டால், பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பாட்டு வந்தது ஒரு நடவில்தான். பெரியாற்றுத் தண்ணீர் வந்து, வயலெல்லாம் கண்ணாடி போலக் கிடந்த ஆனி மாதம். நாள் முழுக்க யாரும் பாட்டெடுக்கவில்லை. வரிசை மந்தமாக நகர்ந்தது. “யாராச்சும் பாடுங்கடி, இடுப்பு ஒடியுது” என்றாள் ராக்கம்மாள். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மாயக்காள் அதைப் பார்த்தபடி, மலையடிவாரத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியையே ராகமாக இழுத்தாள்:

*மேக்கே இருந்து வார மேகமே – இடப்*
*புருவத்துல தழும்பிருக்கும், பாத்தீகளா?*

பெண்கள் கை நின்றது. இந்தக் கேள்வி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ராக்கம்மாள்தான் முதலில் பதில் எடுத்தாள், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே:

*பாக்கலையே ஆத்தா, பாக்கலையே…*

அடுத்த அடிக்கு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஏலக்காய் மூடை சுமந்து இறங்குகிற கழுதையைக் கேட்டாள். சாய்ந்து நடக்கிற ஆளைப் பாத்தீகளா என்று. மலைத்தேனீயைக் கேட்டாள். கம்பிமேல் உட்கார்ந்த கரிக்குருவியைக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் வயல் முழுக்க, ‘பாக்கலையே’ என்றது. அதுவரை அந்தச் சொல் ஒவ்வொரு ஆளிடமிருந்தும் தனித்தனியாக வந்து அவளைக் குத்தியிருந்தது. இப்போது இத்தனை பேர் ஒரே மூச்சில் சொல்லும்போது அதில் குத்து இல்லை. அன்றைக்கு நடவு சீக்கிரம் முடிந்தது.

பார்ப்பது என்பது பள்ளத்தாக்கின் பாட்டுகளில் எங்கும் உள்ளதுதான். தாலாட்டில் தாய், ‘பாக்காதீங்க, கண்ணுபடும்’ என்று பிள்ளையை மூடுவாள். கும்மியில், ‘வந்து பாருங்கடி’ என்று அழைப்பாள். ஒப்பாரியில், ‘முகத்தைக் கடைசியாப் பாக்க ஓடி வந்தேனே’ என்று மாரில் அடிப்பாள். அங்கெல்லாம் பார்க்க ஒரு முகம் உண்டு. மாயக்காள் பாட்டில் மட்டும் முகம் கிடையாது, அடையாளம்தான் உண்டு. பார்த்தவரும் கிடையாது, கேட்கப்பட்டவர்கள்தான் உண்டு. அந்தக் கேள்விக்குறியை அவள் யாரையும் தொட விடவில்லை. ஒருமுறை மார்க்கையன்கோட்டையிலிருந்து நடவுக்கு வந்த ஒரு பெண், பாட்டு முடிகிற நேரத்தில், ‘பாக்காமப் போயிட்டீகளே’ என்று ஒப்பாரி இழுப்பு இழுத்துவிட்டாள். நல்ல குரல், கெட்ட எண்ணமும் இல்லை. மாயக்காள் கையிலிருந்த நாற்றுமுடியைச் சேற்றில் போட்டுவிட்டு வரப்பேறி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைய கூலியும் வாங்க வரவில்லை.

பாட்டு ஊர் ஊராகப் போனது. சின்னமனூர்ப் பக்கம் வேறு பெண்கள் அதைப் பாடினார்கள். யாருடைய பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. வயலோரமாகக் குதிரைவண்டியில் போன மீரான் ராவுத்தர் காதிலும் அது விழுந்தது.

ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர். ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம். அவருக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. நாடகக் கம்பெனிக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பார், கதை எழுதிக் கொடுப்பார். மனைவி இறந்து, மகள்களும் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக ஆர்மோனியத்தோடு இருந்தார். வண்டியை நிறுத்தி, அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டார். மறு வருசம் அவர் எழுதிய நாடகத்தில் ஒரு ராணி, போர்க்களத்தில் தொலைந்துபோன ராஜாவைத் தேடிக் காட்டுக்குள் போனாள். ராஜாவுக்குப் புருவத்தில் வாள்வெட்டுத் தழும்பு. காலில் அம்பு பட்டதால் சாய்ந்து நடப்பான். ராணி முகிலையும் மானையும் வேடனையும் பார்த்துப் பாடினாள்: ‘கண்டதுண்டோ?’

உத்தமபாளையத்தில் கொட்டகை போட்டு அந்த நாடகம் நடந்தபோது ராக்கம்மாள் மாயக்காளை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனாள். மெட்டு எழுந்ததும் ராக்கம்மாள் அவள் முழங்கையைக் கிள்ளினாள். ராணி வேடத்தில் இருந்த ஆண் அழகாகப் பாடினான். முகில் பதில் சொல்லவில்லை. மான் பதில் சொல்லவில்லை. கடைசியில் வேடன் வில்லைத் தரையில் ஊன்றி, ‘கண்டேன்’ என்றான். திரை விலகியது. ராஜா சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தான். கொட்டகை முழுக்கக் கைதட்டல், விசில். மாயக்காள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் ராவுத்தர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் அவளை யாரென்று தெரியாமல், “என்ன தாயி?” என்றார்.

“நேத்து நாடகத்துல வந்த பாட்டு எங்க வயல் பாட்டு.”

ராவுத்தர் பதறிப்போய் எழுந்து வந்தார். “ஆமா. நடவுல கேட்டது. நான் மறைக்கல. அதைப் பாடுனது நீங்களா?”

“பாட்டைக் கேக்க வரலை. அந்த வேடன் எதுக்குக் கண்டேன்னு சொன்னான்?”

“கதைன்னா முடியணும்ல? சனங்க விடிய விடிய உக்காந்திருக்காக. ராஜா கிடைக்கலைன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போக மாட்டாக.”

“கிடைக்காமத்தானே நாங்க வீட்டுக்குப் போறோம்.”

ராவுத்தருக்கு அப்போதுதான் அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் சொந்தக் கதை என்று உறைத்தது. திண்ணையில் கிடந்த துணியைத் தட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கதவில் சாய்ந்தபடி, வெள்ளம் வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: “எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா கேட்டுத்தான் எடுத்திருப்பேன். மேடையில ‘பாத்தீகளா’ எடுபடாதுன்னுதான் ‘கண்டதுண்டோ’ன்னு மாத்துனேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஆனா ஒரு சின்ன வித்தியாசம் இருக்கு. பாக்குறது நம்ம கண்ணு செய்யிற வேலை. காணுறது அப்படியில்லை, அது அங்கன இருக்கணும், நமக்குத் தட்டுப்படணும். பாத்துப் பாத்துக் காணாமப் போறவுகதான் அதிகம். நான் அதை நினைச்சுத்தான் போட்டேன்.”

“எங்க ஊர்ல ஆடு தொலைஞ்சா ‘காணோம்’னுதான் சொல்லுவோம். ‘பாக்கலை’ன்னு சொல்ல மாட்டோம்” என்றாள். “எனக்கு ‘காணோம்’னு சொல்ல வாய் வரலை. அவ்வளவுதான்.”

“பாட்டை எடுத்துரட்டுமா?”

“வேணாம். பாடட்டும். தழும்பு இடது புருவத்துலன்னு சொல்லுங்க. நேத்து ராஜாவுக்கு வலது பக்கம் மை தடவியிருந்தாக.”

அதற்குப் பிறகு நாடகத்தில் தழும்பு இடது பக்கம் வந்தது. கம்பெனி பாண்டி, மதுரை என்று சுற்றியது. ராவுத்தர் எப்போதாவது அந்த வயலோரம் போனால் வண்டியை மெதுவாக விடச் சொல்வார். அவ்வளவுதான் பழக்கம்.

இரண்டு வருசம் இருக்கும். அறுவடை முடிந்த வயலில் மாயக்காள் சிதறிய கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ராவுத்தர் வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டாந்தரையில் நடந்து வந்தார். வந்த வேகத்திலேயே சொன்னார்: “பாத்தேன் தாயி.”

எந்த முன்னுரையும் இல்லாமல் அந்தச் சொல் முதலில் வந்து விழுந்ததால் அவளுக்கு மூச்சை நிறுத்தக்கூட நேரம் இருக்கவில்லை. “எங்கன?” என்று மட்டும் கேட்டாள்.

“குமுளியில. தோட்டத்துச் சனங்களுக்காகக் கம்பெனி அங்கன ஆடுச்சு. மறுநாள் காலையில ஒரு ஆள் வந்து, அந்த ராணி பாட்டு எங்க கிடைச்சதுன்னு கேட்டாரு. கடைவீதியில சாயாக்கடை வச்சிருக்காராம். புருவத்தைப் பாத்தேன். திரும்பிப் போறப்ப நடையைப் பாத்தேன். நான் ஒண்ணும் சொல்லலை. உங்களைக் கேக்காம எதுவும் சொல்லக் கூடாதுன்னு வந்துட்டேன்.” பிறகு தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார்: “கடையில ஒரு அம்மா இருந்தாக. மலையாளத்துக்காரவுக. வயசுக்கு வந்த மக ஒண்ணும்.”

மாயக்காள் மடியில் இருந்த கதிர்களைக் கீழே கொட்டாமல் பத்திரமாக முடிந்துகொண்டாள். “நல்லது ராவுத்தரே” என்றாள். அவர் போகும் வரை நின்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. கூடலூர் வரை நெல்வண்டி ஒன்றில் போனாள். அங்கிருந்து மலைப்பாதையில் நடந்தாள். இத்தனை வருசம் மலையைப் பார்த்துப் பாடியவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக மலை ஏறினாள். மேலே போகப் போகக் குளிர்ந்தது. மிளகுக்கொடியும் பலாவும் நிழலும். எதிர்ப்பட்டவர்கள் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார்கள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாய்லருக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். தலை பாதி நரைத்து, உடம்பு பருத்திருந்தான். புருவத் தழும்பு வெளுத்திருந்தது. உள்ளே ஒரு பெண் மலையாளத்தில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். மாயக்காள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் டீயை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. வெயிலில் கருத்துச் சுருங்கி, முன்னந்தலை நரைத்து, பாடிப் பாடிக் குரல் கட்டிப்போன ஒரு பெண்ணை. அவன் விட்டுவிட்டுப் போனவளுக்குப் பதினேழு வயது.

“எந்த ஊரு?” என்றான்.

“பாளையத்துப் பக்கம்.”

அவன் துணியால் கண்ணாடி டம்ளரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். “அங்கன கரையடிப்பட்டின்னு ஒரு ஊரு.”

“ஆமா.”

“எங்கூட மேல்மலையில வேலை பாத்த ஒருத்தன் அந்த ஊரு. வெள்ளத்துக்கு முன்னாடி. அவன் பொஞ்சாதி ஒண்ணு இருந்துச்சு, மாயக்காள்னு பேரு. நீங்க எங்கனயாச்சும் பாத்திருக்கீகளா?”

ஊரையும் மேகத்தையும் கழுதையையும் அவள் கேட்ட கேள்வி. இப்போது கேட்கப்படுகிறவள் அவள். சூடான டம்ளரைக் கையில் பிடித்திருந்தாள், சுட்டது, கீழே வைக்கவில்லை.

“பாத்திருக்கேன்” என்றாள்.

அவன் துணியைத் தோளில் போட்டான். “இருக்கா?”

“இருக்கு. நடவுக்குப் போகுது. பாட்டுப் படிக்குது.”

“கல்யாணம் முடிச்சிருக்கும்.”

“முடிக்கலை.”

உள்ளே அதட்டல் நின்றிருந்தது. அவன் பாய்லரைத் திறந்து, கரி போட வேண்டிய அவசியம் இல்லாதபோதும் கரி போட்டான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். “முடிச்சிருக்கலாமே. அந்த ஆளு… வெள்ளத்துல மேற்கால ஓடிப்போனவன். அங்கன காய்ச்சல்ல கிடந்தான். கிடந்தவனுக்குக் கஞ்சி ஊத்துன எடத்துல தங்கிட்டான். முதல் வருசம் போகணும்னுதான் இருந்தான். ரெண்டாவது வருசம் எந்த மூஞ்சியோட போறதுன்னு இருந்தான். அப்புறம் அவளும் வேற வாழ்க்கைக்குப் போயிருப்பாள்னு நினைச்சுக்கிட்டான்.”

“போயிருக்கும்” என்றாள் மாயக்காள். “பாத்தேன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தாப் போயிருக்கும்.”

அவன் திரும்பவில்லை. டீக்குக் காசைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

இறக்கத்தில் நடந்து வரும்போது, அவன் தன்னைத் தெரிந்துகொண்டானா, தெரியாமல்தான் கேட்டானா என்று ஒரு யோசனை வந்தது. கூட்டாளி கதை சொன்னபோது குரல் நடுங்கியதா? கரி போட எதற்கு அத்தனை நேரம்? அடிவாரத்து லோயர் கேம்ப் வரும் வரை அதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். பிறகு கால் வலி எடுத்தது. ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எப்படியானாலும் தனக்கு இனி ஒன்றும் மாறப்போவதில்லை என்று பட்டது.

பண்ணைப்புரம் போய்த் தவசியிடம் சொன்னாள். “அண்ணே, ஒச்சாண்டியைப் பாத்தேன்.”

தவசிக்குச் செய்தியைவிட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததுதான் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த கயிற்றை விட்டுவிட்டான். அரிவாளை எடுத்துக்கொண்டு குமுளிக்குப் போகிறேன் என்று குதித்தான். “நீ போயி என்னத்தைக் கொண்டுவரப் போற?” என்று அவள் கேட்டதும் அடங்கினான். மறுநாள் கரையடிப்பட்டிக்குத் திரும்பி, ஆற்றில் தலை முழுகி, தாலிக்கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். ராக்கம்மாள் பக்கத்தில் நின்று அழுதாள். மாயக்காள் அழவில்லை; ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தவசி மறுபடி மாப்பிள்ளை பேச்சை எடுத்தான். சொன்ன சொல் சொன்னதுதான், கேட்கிறேன் என்றாள். ஆனால் முப்பதைத் தாண்டியவளை யாரும் கேட்டு வரவில்லை.

அவள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. தெரிந்துவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். பாரம் இறங்கியது உண்மைதான். ஆனால் அவ்வளவு காலமும் அந்தத் தனிமைக்கு ஒரு திசை இருந்தது. வாசலில் உட்கார்ந்தால் மேற்கே பார்த்து உட்காரலாம். மலையிலிருந்து யார் இறங்கினாலும் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேச அவளுக்குக் காரணம் இருந்தது. இப்போது யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை.

அடுத்த நடவில் பெண்கள் பழக்கத்தில் அந்தப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். மாயக்காள் எடுக்காததால் ராக்கம்மாளே எடுத்தாள். ‘பாக்கலையே’ என்று வரிசை முழுக்கக் குரல் எழுந்தபோது மாயக்காள் வாயைத் திறந்தாள், பொய் சொல்வது போல் இருந்தது, மூடிக்கொண்டாள். அவர்களைப் பாடாதீங்க என்று சொல்ல அவளுக்கு மனம் இல்லை. யுத்தம் ஆரம்பித்துப் பட்டாளத்துக்குப் போன ஆண்களின் பெண்டாட்டிகள் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது.

அந்த வருசமே கூரைவீட்டை விட்டுவிட்டுப் பண்ணைப்புரத்துக்குப் போனாள். தவசி தன் மானாவாரிக் காட்டில் ஒரு துண்டு கொடுத்தான். அதில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். அங்கே நடவு கிடையாது. சோளக்காட்டில் களை எடுக்க ஒரு ஆள் போதும். பின்பாட்டுக்கு யாரும் இல்லை.

ராக்கம்மாள் ஒருமுறை பார்க்க வந்தாள். இருவரும் குதிரைவாலிச் சோறும் மொச்சைக்குழம்பும் சாப்பிட்டார்கள். ராவுத்தர் கம்பத்தில் மகள் வீட்டோடு போய்விட்டதாகவும், போகும் முன் விசாரித்ததாகவும் ராக்கம்மாள் சொன்னாள்.

“என்னன்னு விசாரிச்சாக?”

“மாயக்காள் பாடுதான்னு.”

“என்ன சொன்ன?”

“எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். பாடுறியா?”

மாயக்காள் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். “காட்டுல கிளி விரட்டச் சத்தம் போடுவேன். அதைப் பாட்டுன்னு சொல்ல முடியாது” என்றாள்.

“திரும்பி வந்துரேன்த்தா. எனக்கும் பேச ஆளில்லை.”

“வாரேன். இந்தச் சோளம் அறுக்கட்டும்.”

வரமாட்டாள் என்று ராக்கம்மாளுக்குத் தெரியும். வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும் என்று எழுந்தாள். மாயக்காள் ஒரு படி மொச்சையை அவள் முந்தானையில் முடிந்துவிட்டாள். பிறகு சும்மாட்டுத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள்.